'எ ரைசின் இன் தி சன்' நாடகத்தில் இனப் பாரபட்சமும் ஏற்றத்தாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யார் எழுதிய நாடகம்? எப்போது மேடையேறியது?

ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளரான லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதிய இந்நாடகம், 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் உள்ள எத்தல் பேரிமோர் அரங்கில் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 28. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் பிராட்வேயை எட்டியது அதுவே முதல் முறை. லாயிட் ரிச்சர்ட்ஸ் இயக்க, சிட்னி பாய்ட்டியே, கிளாடியா மெக்நீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர். 530 முறை நிகழ்த்தப்பட்ட இந்நாடகம், நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருதையும் அந்த ஆண்டே பெற்றது. தள்ளிப்போடப்பட்ட கனவு என்ன ஆகும் என்று கேட்கும் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதையில், அக்கனவு வெயிலில் காயும் திராட்சையைப் போல வற்றிவிடுமோ என்று வரும் வரியிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சிகாகோ நகரின் தென்பகுதியில், நெருக்கடியான ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் யங்கர் குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் வாழ்கின்றனர். மூத்தவரான லீனா, அவருடைய மகன் வால்டர் லீ, மருமகள் ரூத், மருத்துவம் படிக்க விரும்பும் மகள் பெனீத்தா, பேரன் டிராவிஸ் என ஐந்து பேர். கழிப்பறையும் குளியலறையும் வெளிநடையில் இருக்கின்றன. பக்கத்து வீட்டாருடன் அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். டிராவிஸுக்குத் தனிப் படுக்கை கிடையாது. இரவில் கூடத்து சோபாவில்தான் உறங்குகிறான்.

லீனாவின் கணவர் உழைத்து உழைத்தே மாண்டுபோனவர். அவருடைய ஆயுள் காப்பீட்டுத் தொகை 10,000 டாலர் காசோலையாக வரவிருக்கிறது என்பதிலிருந்து நாடகம் தொடங்குகிறது. வெள்ளைக்காரர் ஒருவருக்குக் கார் ஓட்டும் வால்டர், அந்தப் பணத்தில் இரு கூட்டாளிகளுடன் சேர்ந்து மதுக்கடை தொடங்கத் துடிக்கிறான். லீனா அதில் 3,500 டாலரை முன்பணமாகக் கொடுத்து, வெள்ளையர் மட்டுமே வாழும் கிளைபோர்ன் பார்க் என்ற பகுதியில் ஒரு வீடு வாங்குகிறார். (இப்பகுதி ஆசிரியரின் கற்பனை.) மீதமுள்ள 6,500 டாலரில் 3,000 டாலரைப் பெனீத்தாவின் படிப்புக்கு வங்கியில் போட்டுவிட்டு எஞ்சியதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும்படி அவர் மகனிடம் ஒப்படைக்க, அவன் முழுவதையும் வில்லி ஹாரிஸ் என்ற கூட்டாளியிடம் கொடுத்து ஏமாறுகிறான். இதற்கிடையில், அந்த வீட்டைத் தாங்களே கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று கிளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கார்ல் லிண்ட்னர் என்ற வெள்ளையர் வருகிறார். பணத்தை இழந்த பிறகு அந்த விலையை ஏற்பதா, குடியேறுவதா என்ற கேள்வியே இறுதி அங்கம்.

இனப் பாரபட்சம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் எது?

இரண்டாம் அங்கத்தின் இறுதிக் காட்சியில் கார்ல் லிண்ட்னர் வரும் இடம். அவர் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை, இழிசொல் எதையும் பயன்படுத்துவதில்லை. கோட்டும் சூட்டும் அணிந்து, கையில் தோல்பையுடன், கொஞ்சம் கூச்சத்தோடு பேசும் நடுவயதுக்காரர். புதிதாக வருபவர்களை வரவேற்கும் குழுவின் தலைவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். வீட்டாரும் அதை நம்பி, வசதியான நாற்காலியும் குடிக்க ஏதாவதும் கொடுத்து உபசரிக்க முனைகிறார்கள். மனிதர்கள் உட்கார்ந்து பேசினால் தீராத பிரச்சினை உண்டா என்று அவர் கேட்கும்போது வால்டரும் ரூத்தும் மனதார ஆமோதிக்கிறார்கள். பெனீத்தா ஒருத்திதான் தொடக்கத்திலிருந்தே அவரைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. எங்கள் பகுதியினர் பெரிய பணக்காரர்கள் அல்லர், பாடுபட்டு ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொண்டவர்கள், தங்கள் பிள்ளைகள் எந்த மாதிரியான சூழலில் வளர வேண்டும் என்று அவர்களுக்கும் ஒரு கனவு உண்டு என்று அவர் விளக்குகிறார். கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் சொந்தச் சமூகத்தோடு வாழும்போதுதான் மகிழ்ச்சியாக இருக்கின்றன என்றும், இதில் இனத் துவேஷம் சிறிதும் இல்லை என்றும் சொல்லிவிட்டு, வீட்டைக் குடும்பத்துக்கு லாபம் கிடைக்கும் விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கூறுகிறார்.

இக்காட்சியின் நுட்பம், லிண்ட்னர் தம் தரப்புக்காக அடுக்கும் ஒவ்வொரு சொல்லும் யங்கர் குடும்பத்துக்கும் அப்படியே பொருந்துவதில் இருக்கிறது. பாடுபட்டவர்கள், பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகச் சேமித்தவர்கள், சிறிய வீட்டுக்கு ஆசைப்பட்டவர்கள் ஆகிய மூன்றும் இந்தக் குடும்பத்தின் வரலாறே. எதிரில் அமர்ந்திருப்பவர்கள் தம்மைப் போன்றவர்களே என்பதைத் தம் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கும் அவருக்கு அது கடைசிவரை காதில் விழுவதில்லை. லிண்ட்னரை வில்லனாக நடிக்க வைத்தால் நாடகமே பாதியாகிவிடும் என்பது என் கருத்து. அவர் தம்மை நல்லவராகவே கருதுகிறார் என்று பார்வையாளர் நம்பினால்தான் காட்சி சுடும்.

அந்த விலை கூடுதலானது என்றால், அதை இழிவு என்று ஏன் சொல்ல வேண்டும்?

பாரபட்சம் இந்நாடகத்தில் பெரும்பாலும் ஒரு விலையாகவே வருகிறது என்பதால். லிண்ட்னர் தரும் கூடுதல் தொகை வீட்டின் மதிப்பு அன்று. இவர்கள் அருகில் வராமல் இருப்பதற்கு அப்பகுதியினர் தங்களுக்குள் பணம் திரட்டித் தரத் தயாராக இருக்கும் தொகை. அவர் போன பிறகு குடும்பத்தினர் அதைக் கேலியாக மாற்றிக்கொள்கிறார்கள். நாம் என்ன, அவர்களைத் தின்றுவிடுவோம் என்று நினைக்கிறார்களா என்று ரூத் கேட்க, இல்லை, திருமணம் செய்துகொள்வோம் என்று பயப்படுகிறார்கள் என்று பெனீத்தா பதில் சொல்கிறாள். அவமானத்தைச் சிரிப்பால் கடக்கத் தெரிந்த வீடு அது. ஆனால் இழந்த பணம் அந்தச் சிரிப்பைத் துடைத்துவிடும்போது, அதே வால்டர் லிண்ட்னரைத் தொலைபேசியில் திரும்ப அழைக்கிறான்.

லீனா ஏன் பிரச்சினை வரும் என்று தெரிந்தே வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார்?

அவர் போராட்டக்காரர் அல்லர். இனத் தடையை உடைக்க வேண்டும் என்ற திட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ரூத் அதிர்ச்சியடையும்போது அவர் சொல்லும் காரணம் மிக எளியது: ஊருக்கு வெளியே தொலைவில் கறுப்பினத்தவருக்கென்று கட்டப்படும் வீடுகள் மற்ற வீடுகளைப் போல இரு மடங்கு விலை சொல்கின்றன, தம் பணத்துக்குக் கிடைத்த நல்ல வீடு இதுதான்.

இந்த ஒற்றை வரிக்குப் பின்னால் அமெரிக்க நகரங்களின் ஒரு முழு ஏற்பாடே இருக்கிறது. தென்மாநிலங்களின் வன்முறையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் சிகாகோ போன்ற வடநகரங்களுக்கு வந்தார்கள். அவர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட நிலப்பரப்பு அந்த அளவுக்கு விரியவில்லை. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள், பத்திரங்களோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டிருந்தன. 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்தது. ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று மதிப்பிட்டு, அங்கே அந்த உத்தரவாதத்தை மறுத்தது. வங்கிக் கடன் கிடைக்காதவர்கள், கடைசித் தவணை தீரும்வரை பத்திரம் கைக்கு வராத ஒப்பந்த முறையில், இடைத்தரகர்கள் ஏற்றிவைத்த விலைக்கு வீடு வாங்க நேர்ந்தது. ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும்.

ஆட்கள் அதிகம், இடம் குறைவு, வெளியேற வழியில்லை என்றால் வாடகையும் விலையும் ஏறுவது இயல்பு. ஒரு குடும்பத்துக்கான வீட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு குடும்பத்துக்கு விட்ட உரிமையாளர்கள் சிகாகோவில் நிறையவே இருந்தார்கள். யங்கர் குடும்பத்தின் பொதுக் குளியலறையும் கூடத்துப் படுக்கையும் அந்த ஏற்பாட்டின் விளைவுகள். ஏழைகள் என்பதால் இவர்கள் மோசமான வீட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தால் பாதி உண்மைதான் புரியும்; மோசமான வீட்டுக்கும் இவர்கள் மற்றவர்களைவிட அதிகம் கொடுக்கிறார்கள் என்பதே மறுபாதி.

நாடகத்துக்கும் ஆசிரியரின் வாழ்க்கைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் நேரடியாக அல்ல. அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் சிகாகோவில் வெள்ளையர் வாழும் பகுதியொன்றில் வீடு வாங்கினார். அக்கம்பக்கத்தார் கும்பலாகத் திரண்டனர். வீட்டுக்குள் எறியப்பட்ட கல் ஒன்று சிறுமியாக இருந்த லொரெய்னின் மேல் விழாமல் மயிரிழையில் தப்பியது. தந்தை நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தபோது, தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காவல் காத்ததைப் பின்னாளில் லொரெய்ன் எழுதியிருக்கிறார்.

மேலே சொன்ன வகை ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய அந்த வழக்கில் 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அது நடைமுறை சார்ந்த காரணத்தால் கிடைத்த வெற்றி: முன்பு வேறு தரப்பினருக்கு இடையே நடந்த வழக்கின் முடிவு, அதில் தங்கள் நலனுக்குப் பிரதிநிதி இல்லாத இவர்களைக் கட்டுப்படுத்தாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. இன அடிப்படையிலான ஒப்பந்தங்கள் செல்லுமா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அதைக் காண கார்ல் ஹான்ஸ்பெரி உயிரோடு இல்லை. 1946இல் மெக்சிகோவில் காலமாகிவிட்டார்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஹான்ஸ்பெரி குடும்பம் வசதியானது. கார்ல் ஹான்ஸ்பெரியே வீட்டு மனைத் தொழிலில் இருந்தவர், பிரித்து வாடகைக்கு விடப்பட்ட சிறு குடியிருப்புகளின் உரிமையாளர். மகள் தன் குடும்பத்தின் கதையை அப்படியே எழுதாமல், அத்தகைய குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களின் பக்கம் நின்று எழுதியது எளிதான தேர்வாக எனக்குத் தோன்றவில்லை.

ஏற்றத்தாழ்வு குடும்பத்துக்குள் எப்படித் தெரிகிறது?

முதல் காட்சியிலேயே தெரிகிறது. பள்ளிக்குக் கொண்டுபோக டிராவிஸ் 50 சென்ட் கேட்கிறான். இல்லை என்கிறாள் ரூத். பிள்ளையிடம் இல்லை என்று ஏன் சொல்கிறாய் என்று கோபப்படும் வால்டர், 50 சென்ட்டைக் கொடுத்து, மேலும் 50 சென்ட்டையும் வீம்பாகக் கொடுக்கிறான். சற்று நேரத்தில், வேலைக்குப் போகப் பேருந்துக் காசு இல்லாமல் மனைவியிடமே வந்து நிற்கிறான். தன் மகன் முன்னால் தகப்பனாகத் தோன்றுவதற்கு இவன் கொடுக்கும் விலை ஒரு டாலர். அந்த ஒரு டாலரும் இவனிடம் இல்லை.

இதைவிடக் கொடியது ரூத்தின் நிலை. தான் கருவுற்றிருப்பதை அறிந்ததும், இன்னொரு உயிரை இந்த வீட்டில் எங்கே வைப்பது என்று எண்ணி, கருக்கலைப்பு செய்பவளிடம் 5 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறாள். வேண்டாம் என்று அவளிடம் சொல் என லீனா மகனை வற்புறுத்துகிறார். அவன் வாய் திறக்காமல் வெளியேறுகிறான். குடும்பம் கண்ணெதிரே உடைவதைக் கண்ட பிறகே லீனா வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறார் என்பதால், அந்த வீடு இவர்களுக்கு ஆடம்பரக் கனவு அன்று.

கறுப்பினத்தவருக்குள்ளேயே இருக்கும் பாகுபாடுகளை நாடகம் பேசுகிறதா?

பேசுகிறது, அதுவும் தயவு தாட்சண்யம் இல்லாமல். பெனீத்தாவைச் சந்திக்க வரும் ஜார்ஜ் மர்ச்சிசன் பணக்காரக் கறுப்பினக் குடும்பத்துப் பையன். வெள்ளைப் பணக்காரர்களைவிடத் திமிர் பிடித்தவர்கள் கறுப்பினப் பணக்காரர்கள்தான் என்கிறாள் பெனீத்தா. அவன் வால்டரை நடத்தும் விதத்தில் அது கண்கூடாகவே தெரிகிறது. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்திருக்கும் ஜோசப் அசகாய், பெனீத்தா தன் சுருள் முடியை நேராக்கிக்கொள்வதைச் சுட்டிக்காட்டி அவளைச் சங்கடத்துக்கு உள்ளாக்குகிறான். பக்கத்து வீட்டுத் திருமதி ஜான்சன், வெள்ளையர் பகுதியில் குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் மீது குண்டு வீசப்பட்ட செய்தி உள்ள நாளிதழைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள். அக்கறையைப் போலத் தொடங்கும் அவளுடைய பேச்சில், நீங்கள் மட்டும் மேலே போகப் பார்க்கிறீர்களா என்ற எரிச்சல் கசிகிறது.

பெண் என்பதால் வரும் பாகுபாடும் உள்வீட்டிலிருந்தே வருகிறது. மருத்துவர் ஆக வேண்டும் என்று உன்னிடம் யார் கேட்டது, மற்றப் பெண்களைப் போலச் செவிலியாகப் போ, அல்லது திருமணம் செய்துகொண்டு சும்மா இரு என்று தங்கையிடம் சீறுகிறான் வால்டர். வெளியே தன் வழி அடைக்கப்பட்டிருப்பதை நாள்தோறும் உணரும் அவனே, வீட்டுக்குள் இன்னொருத்தியின் வழியை அடைக்கிறான்.

வால்டர் ஏமாறுவது, கறுப்பினத்தவருக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்ற தப்பெண்ணத்தை உறுதிப்படுத்திவிடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் அவனுக்கு எந்தக் கதவுகள் திறந்திருந்தன என்று பார்க்க வேண்டும். மதுக்கடைக்குத் தொடக்க முதலீடு சுமார் 30,000 டாலர், ஆளுக்கு 10,000 என்பது அவனுடைய கணக்கு. உரிமம் விரைவாகக் கிடைக்க யாருக்கோ கொடுக்க வேண்டிய சில நூறு டாலர்களும் அதில் அடக்கம். இந்தக் கணக்கில் அவன் கூட்டாளிகளை நம்புகிறானே தவிர, வங்கி என்ற பேச்சே இல்லை. முறையான கடன் கிடைக்காதவன், முறையற்ற நம்பிக்கையின் மேல்தான் தொழில் தொடங்க முடியும். வால்டருடைய பேராசையையோ பொய்யையோ ஆசிரியர் மன்னிக்கவில்லை. தங்கையின் படிப்புப் பணத்தையும் சேர்த்தே அவன் தொலைக்கிறான். ஆனால் ஒரே தவறில் குடும்பத்தின் கையில் எஞ்சியிருந்த பணம் முழுவதும் காணாமல் போகும் நிலை, அவனுடைய குணத்தால் வந்ததன்று. வசதியானவன் செய்யும் அதே தவறு அவனுக்கு ஒரு பாடமாக முடிந்திருக்கும்.

முடிவு மகிழ்ச்சியானதா?

லிண்ட்னர் முன்னால் எப்படிக் கெஞ்சிப் பணத்தை வாங்கப் போகிறேன் என்று வால்டர் குடும்பத்தினர் முன்னிலையில் மண்டியிட்டு நடித்துக் காட்டும் இடம், நாடகத்திலேயே பார்க்கச் சகிக்காத பகுதி. லிண்ட்னர் வந்ததும், டிராவிஸை வெளியே அனுப்பாதே, நீ என்ன செய்கிறாய் என்று அவன் பார்க்கட்டும் என்று லீனா சொல்லிவிடுகிறார். மகனின் கண்ணெதிரே வால்டரால் அந்தப் பேரத்தை முடிக்க முடியவில்லை. இந்த நாட்டில் எங்கள் குடும்பத்தின் ஆறாவது தலைமுறை இவன், இந்த வீட்டை என் தந்தை சம்பாதித்துத் தந்தார், நாங்கள் குடியேறுகிறோம் என்று முடிக்கிறான்.

திரை விழும்போது குடும்பம் புறப்படுகிறது; ஆனால் பணம் போனது போனதுதான், பெனீத்தாவின் படிப்புக்கு வழி தெரியவில்லை, அங்கே என்ன காத்திருக்கிறது என்றும் தெரியவில்லை. 1951இல் சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேற முயன்றபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு அந்தக் கட்டடத்தையே சூறையாடினார்கள். 1959இல் அரங்கில் அமர்ந்திருந்த சிகாகோக்காரர் யாருக்கும் இது நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. இதை இனிய முடிவு என்று எழுதியவர்கள் அந்த முகவரியை மறந்துவிட்டார்கள்.

நாடகத்தின் மீது வந்த விமர்சனங்கள் என்ன?

இருபுறமும் வந்தன. இது கறுப்பினத்தவரைப் பற்றிய நாடகமே அல்ல, எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்று பாராட்டியவர்கள் ஒரு பக்கம். ஆனால் வேறு எந்தக் குடும்பத்தின் வீட்டுக்கும் லிண்ட்னர் வந்திருக்க மாட்டார். மறுபக்கம், வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குவது நடுத்தர வர்க்க ஆசை மட்டுமே என்று தீவிரக் கலைஞர்கள் சிலர் ஒதுக்கினர். அவர்களில் ஒருவரான கவிஞரும் நாடகாசிரியருமான அமிரி பராக்கா, 1980களில் அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டு, நாடகத்தின் சாரத்தைத் தாங்கள் தவறவிட்டதாக எழுதினார். ஹான்ஸ்பெரி 1965 ஜனவரியில், 34ஆம் வயதில், புற்றுநோயால் இறந்துவிட்டதால் அதைப் படிக்கவில்லை.

வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு எப்போது சட்டவிரோதமானது?

கூட்டாட்சி அளவில் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் நிறைவேறிய சட்டத்தால். நாடகம் மேடையேறி அதற்குள் ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இடையில், 1966இல், வீட்டுவசதி உரிமைக்காகச் சிகாகோவில் ஊர்வலம் நடத்திய கிங் மீதே கல் வீசப்பட்டது.

படிக்கவோ மேடையேற்றவோ விரும்புவோர் எந்தப் பிரதியைத் தேட வேண்டும்?

நீக்கப்பட்ட பகுதிகள் மீண்டும் சேர்க்கப்பட்ட பிரதியை. முதல் மேடையேற்றத்தில் நேரம் கருதியும் வேறு காரணங்களாலும் சில பகுதிகள் வெட்டப்பட்டன. மேலே குறிப்பிட்ட திருமதி ஜான்சன் காட்சியும், பெனீத்தா தன் முடியை வெட்டி இயல்பான சுருளோடு வந்து நிற்பதும் அவற்றுள் அடங்கும். இவை இல்லாத பிரதியில் வெளியிலிருந்து வரும் வன்முறையின் நிழல் வெகுவாகக் குறைந்துபோகிறது. சிட்னி பாய்ட்டியே நடித்த 1961ஆம் ஆண்டுத் திரைப்படம் நடிப்புக்காகப் பார்க்க வேண்டியது. பிரதியின் முழுமைக்கு, டேனி குளோவரும் எஸ்தர் ரோலும் நடித்த 1989ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவம் அதைவிட நெருக்கமானது.